மாநாட்டு உரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிடுதல்: ஏற்பாட்டாளர்களுக்கான நடைமுறை வழிகாட்டி

கருத்தரங்கு நடத்தும் கல்லூரித் துறைகளும் தன்னார்வக் குழுக்களும் உரைகளை இணையத்தில் ஏற்றுவதை எல்லாம் முடிந்தபின் எஞ்சும் சில்லறை வேலையாகவே பெரும்பாலும் கருதுகின்றன. எட்டு மணி நேர நேரலை ‘முதல் நாள்’ என்ற தலைப்போடு யூடியூபில் கிடக்கும்; அதன் ஆறாவது மணி நேரத்தில் ஓர் அருமையான உரை இருக்கிறது என்பது அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். கட்டுரைகள் தொகுப்பு நூலாக அச்சேறிவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அக்கட்டுரையை வாசித்தவர் எதிர்க்கேள்விக்கு என்ன விடை சொன்னார், எந்த இடத்தில் தயங்கினார், எதை அழுத்திச் சொன்னார் என்பவை நூலில் வருவதில்லை. பதிவு அவற்றுக்காகவே தேவைப்படுகிறது. அந்தப் பதிவு நன்றாக அமைவதும் அமையாததும் ஏற்றும் நாளில் அன்றி, பேச்சாளருக்கு அழைப்பு அனுப்பும் நாளிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. உரை பேச்சாளருடையது, பதிவு பின்னால் தேடி வருபவருக்கானது என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் நடைமுறைகள் அனைத்துக்கும் காரணம் விளங்கும்.

அனுமதி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இதில் தெளிவாக இருக்கிறது. பொதுவில் நிகழ்த்தப்படும் உரையின் முதல் உரிமையாளர் அதை நிகழ்த்தியவரே என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. கூட்டத்தை ஏற்பாடு செய்த நிறுவனத்திலேயே அவர் வேலை பார்த்தாலும், உரை அந்நிறுவனத்தின் வளாகத்திலேயே நடந்தாலும் இந்நிலை மாறுவதில்லை. இதற்கு மேலாக, தம் நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதில் தனி உரிமை உடைய ‘நிகழ்த்துநர்’ என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். (இந்த வரிசையில் தம்மைக் காணும் பேராசிரியர்கள் மகிழ்வார்களா என்பது வேறு செய்தி.) ஆகவே ‘நாங்கள்தானே அழைத்தோம், பயணப்படியும் கொடுத்தோமே’ என்பது பதிவுசெய்து வெளியிடும் உரிமையைத் தந்துவிடாது. இலங்கையில் நடக்கும் நிகழ்வுகளுக்கு அந்நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். எந்த நாடானாலும் எழுத்தில் இசைவு பெறும் வழக்கம் ஒன்றே.

எழுத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதோடு, காலம் குறிப்பிடாத உரிமம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், இட எல்லை குறிப்பிடாத உரிமம் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். இணையத்தில் ஏற்றுகிற ஒன்றுக்கு இவ்விரண்டும் பொருந்தா. எனவே இசைவுப் படிவத்தில் இதுபோன்ற ஒரு பத்தி இருப்பது நல்லது: ‘என் உரையையும் அதையொட்டிய கேள்வி பதிலையும் ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்து, உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், இணையத்தில் இலவசமாக வெளியிட ஏற்பாட்டுக் குழுவுக்கு உரிமம் அளிக்கிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். வெளியிடும் முன் பதிவை நான் பார்ப்பதற்கு 10 நாள் தரப்படும். அதற்குள் நான் மறுமொழி தராவிட்டால் இசைந்ததாகக் கொள்ளலாம்.’

அதன் கீழே தெரிவுகளைக் கொடுங்கள்: முழுக் காணொளி, ஒலியும் ஸ்லைடுகளும் மட்டும், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மட்டும், வெளியிடவே வேண்டாம். மூன்றாவது தெரிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆய்விதழில் கட்டுரை வெளிவரும்வரை தரவுகள் பொதுவில் வருவதை விரும்பாத முனைவர் பட்ட மாணவருக்கும், தம் கண்டுபிடிப்பின் காப்புரிமைக்கு (பேடன்ட்) இன்னும் விண்ணப்பிக்காத பொறியாளருக்கும் மறுப்பைவிடத் தாமதமே உதவும். ஆனால் காப்புரிமையைப் பொறுத்தவரை அரங்கில் பேசுவதே வெளியீடாகி அதற்குத் தடையாகிவிடலாம் என்பதால், அப்படிப்பட்டவரிடம் எதைப் பேசலாம் என்பதையே முன்கூட்டி யோசிக்கச் சொல்வது நலம்.

இப்படிவம் கட்டுரை ஏற்கப்பட்ட மடலுடனேயே போகவேண்டும். மேடை ஏறப்போகும் நேரத்தில், துறைத்தலைவர் அருகில் நிற்க, ஒரு தாளை நீட்டினால் இளம் ஆய்வாளர் எவரும் ‘வேண்டாம்’ என்று எழுதமாட்டார். அப்படிப் பெறும் கையெழுத்து சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், நல்ல நடைமுறைக்குப் போதாது. 18 வயது நிறையாத மாணவர் பேசினால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான இசைவையும் வாங்கிவிடுங்கள். பார்வையாளர்களுக்கு, பதிவு நடக்கிறது என்ற அறிவிப்பை வாயிலில் வைப்பதோடு, படத்தில் விழ விரும்பாதவர்களுக்குக் கேமராவின் பார்வைக்கு வெளியே சில வரிசைகளை ஒதுக்குவது எளிய வழி.

எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யவேண்டும். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய டெட் மாநாடு 2006 முதல் தன் உரைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எனினும் அது பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) வகை வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் தடுக்கிறது. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடோ, பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் பதிவுகளை விடுகிறது. முதல் வகையில் உங்கள் உரையிலிருந்து 3 நிமிடத்தை வெட்டித் தன் பாடக் காணொளியில் சேர்த்து வெளியிட விரும்பும் ஆசிரியர் அனுமதி கேட்டு எழுதவேண்டும். விக்கிப்பீடியாவுக்கான படங்களும் காணொளிகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகமும் அத்தகைய கட்டுப்பாடுள்ள கோப்புகளை ஏற்பதில்லை. கல்விசார் கருத்தரங்குக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அது பேச்சாளரின் முடிவு, குழுவின் முடிவன்று; படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். உரையில் காட்டப்படும் திரைப்படத் துணுக்கு, பிறர் எடுத்த படங்கள், நோயாளிகளின் அல்லது களத்தில் சந்தித்த தகவலாளிகளின் முகங்கள் ஆகியவற்றுக்கு இந்த இசைவு செல்லாது என்பதைப் பேச்சாளருக்கு நினைவூட்டுங்கள். அரங்கில் நாற்பது பேருக்குக் காட்டுவதும் உலகத்துக்குக் காட்டுவதும் ஒன்றல்ல.

ஒலி

படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் உரையைக் கேட்பார்கள். ஒலி எதிரொலித்தால் 2 நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஆனாலும் நம் நிகழ்வுகளில் செலவு முழுவதும் கேமராவுக்கே போகிறது. அரங்கின் பின்புறம் நிற்கும் கேமராவின் மைக் பேச்சாளரின் குரலை நேரே கேட்பதில்லை. ஒலிபெருக்கியில் வந்து, சுவரில் மோதி, மின்விசிறியின் இரைச்சலோடு கலந்த குரலைத்தான் கேட்கிறது. ஆகவே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முதல் நாளே பேசி, எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் அவருடைய மிக்சரிலிருந்து ஒரு தனி வெளியீட்டைக் கேமராவுக்கோ ரெக்கார்டருக்கோ இழுத்துத்தரச் சொல்லவேண்டும். மிக்சரின் வெளியீடு லைன் எனப்படும் வலுவான அளவிலும் கேமராவின் உள்ளீடு மைக் எனப்படும் மெல்லிய அளவிலும் இருந்தால் ஒலி வெடித்துக் கேட்கும். இரண்டையும் ஒரே அளவுக்கு அமைத்து, உரத்த பேச்சிலும் ஒலி அளவுகாட்டியில் உச்சம் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். தாழ்ந்த ஒலியைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம், வெடித்த ஒலியை மீட்பது ஏறக்குறைய இயலாது.

காலர் மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தவேண்டும். பட்டுப்புடவையின் முந்தானை, துப்பட்டா, அங்கவஸ்திரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகிய நான்கும் அதில் உரசும். குத்தும்போதே அவற்றை ஒதுக்கிவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே பேச்சாளர் நின்றால் மைக்கின் நுரைப்பஞ்சு உறை கட்டாயம். மடிக்கணினியைச் சார்ஜரோடு ப்ரொஜெக்டரிலும் மிக்சரிலும் இணைக்கும்போது அடித்தொண்டையில் முனகுவது போன்ற இரைச்சல் வந்தால், அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரையிணைப்பு வழியே நுழைவதாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, தன்னார்வலர் ஒருவர் அமர்வு முழுவதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவாகும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான். அவருக்கு வேறு வேலை தரவேண்டாம்.

கேள்வி நேரம் பெரும்பாலான பதிவுகளில் பாழாகிறது. கேட்டவரின் குரல் பதிவாகாமல், விடை மட்டும் அந்தரத்தில் தொங்கும். கையில் மைக்கோடு இருவர் இரு பக்கமும் நிற்கட்டும். முடியாவிட்டால், ஒவ்வொரு கேள்வியையும் தாம் ஒருமுறை திரும்பச் சொல்லிய பிறகே விடைக்கு விடும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். (கேள்வி என்று எழுந்து குட்டி உரை நிகழ்த்துபவர்களைச் சுருக்கவும் இது உதவுகிறது.) கேள்வி கேட்பவர்கள் படிவம் எதிலும் கையெழுத்திட்டிருக்கமாட்டார்கள் என்பதால், கேள்வி பதிலும் வெளியாகும் என்பதை அமர்வின் தொடக்கத்தில் அமர்வுத் தலைவர் வாயால் அறிவிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, இடைவேளையில் அரங்கில் ஒலிக்கும் திரைப்பாடல். பதிவிலோ நேரலையிலோ அது விழுந்தால் யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை அதைப் பிடித்துக்கொள்ளும். காணொளியின் ஒலி முடக்கப்படலாம், நேரலையே நின்றுபோகலாம். பாட்டு வேண்டுமென்றால் பதிவு நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

படமும் ஸ்லைடுகளும்

வீடியோக்காரர் பெரும்பாலும் திருமண வேலைகளில் தேர்ந்தவராக இருப்பார். அவருடைய திறமையில் குறையில்லை. வேலையின் இயல்பு வேறு என்பதைச் சொல்லிவிட்டால் போதும். பின்னணி இசை வேண்டாம், பூ விரியும் எழுத்துகள் வேண்டாம், உரை நடக்கும்போது பார்வையாளர்களின் முகங்களில் உலாவ வேண்டாம், வெட்டப்படாத மூலக்கோப்புகள் அனைத்தும் அன்று மாலையே எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏறவேண்டும் என்ற நான்கையும் முன்பணம் தரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்சிப் பதிவின் மீது அவருக்கு உரிமை ஏதும் எஞ்சாதபடி ஒரு வரியும் அதில் இருக்கட்டும். குழல் விளக்குகளின் கீழ் படம் துடிக்காமலிருக்க ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு வினாடியாக இருப்பது நம் நாட்டு மின்சாரத்துக்குப் பொருந்தும்.

திரையைக் கேமராவால் படம்பிடித்தால் திரை வெளுக்கும், பேச்சாளர் இருளில் நிற்பார். ஸ்லைடுகளைப் பிடிஎஃப் கோப்பாக முன்கூட்டியே வாங்கி, எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வதே செலவில்லாத வழி. பிடிஎஃப் என்று வற்புறுத்த வேறொரு காரணமும் இருக்கிறது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஸ்லைடு செய்யும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அக்கோப்பு வேறு கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக்கிடக்கும்.

கணினியில் ஓபிஎஸ் என்ற இலவசக் காணொளிப் பதிவு மென்பொருளால் பதிவுசெய்பவர்கள் எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வழக்கமான எம்பி4 கோப்பு பதிவின் நடுவே மின்சாரம் போனால் திறக்காமலே போகக்கூடும். எம்கேவி அதுவரை பதிவானதைக் காப்பாற்றும், பின்னர் அதே மென்பொருளில் சில வினாடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். நேரலை செய்தாலும் கணினியிலும் சேர்த்தே பதிவுசெய்யுங்கள். யூடியூபின் மேலாண்மைப் பக்கத்திலிருந்து நீங்கள் திரும்ப இறக்கும் கோப்பு 720 வரித் தரத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

வெட்டுதலும் பேச்சாளரின் பார்வையும்

ஓர் உரைக்கு ஒரு காணொளி. இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை ஆகியவற்றைத் தனியே ஒரு தொடக்கவிழாக் காணொளியாக வெளியிடுங்கள். அவற்றைப் பார்க்க விரும்பும் குடும்பத்தாரும் நண்பர்களும் உண்டு. உரைக் காணொளியோ, பெயரும் தலைப்பும் தாங்கிய 5 வினாடி அட்டைக்குப் பிறகு பேச்சாளரின் முதல் வாக்கியத்தில் தொடங்கவேண்டும். முழுநாள் பதிவிலிருந்து துண்டுகளை எடுக்க லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் உதவும். அது கோப்பைத் திரும்ப உருமாற்றாமல் வெட்டுவதால் பழைய மடிக்கணினியிலும் நிமிடங்களில் வேலை முடியும். யூடியூபிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கவேண்டாம்: 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளியை அதன் எடிட்டர் ஏற்பதில்லை.

உரையின் உள்ளே கைவைப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். மைக் மாற்றிய 2 நிமிடத்தை நீக்கலாம். ஒரு வாதத்தின் நடுவிலிருந்து வாக்கியத்தை நீக்கக்கூடாது. பேச்சாளரே கேட்டு நீக்கினால், அவ்விடத்தில் ‘பேச்சாளரின் வேண்டுகோளின்படி ஒரு பகுதி நீக்கப்பட்டது’ என்ற அட்டை வரட்டும். பேசியவர் ஓர் ஆண்டையோ பெயரையோ தவறாகச் சொல்லியிருந்தால் ஒலியைத் திருத்தாமல் விவரக்குறிப்பில் திருத்தம் இடுவதே நேர்மையானது.

வெட்டிய பதிவை, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் நிலையில் ஏற்றிப் பேச்சாளருக்கு அனுப்புங்கள். ஃபாஸ்டெம் மாநாட்டில் இதற்கென்றே எஸ்ரிவ்யூ என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. உரை எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது, ஒலி சரியாக இருக்கிறதா என்பவற்றைப் பேச்சாளரே தம் உலாவியில் பார்த்துக் குறித்துவிடலாம். நூற்றுக்கணக்கான உரைகளைத் தன்னார்வலர்களே வெளியிட முடிவது வேலையை இப்படிப் பகிர்வதால்தான். நமக்கு அந்த அளவு தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். ஆனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவேண்டாம். யூடியூபில் ஏற்றிய கோப்பை அதே முகவரியில் வேறு கோப்பால் மாற்ற வழியில்லை. பரவிய பிறகு பிழை தெரிந்தால் புதிய முகவரியில் ஏற்றவேண்டும், பழைய இணைப்புகள் அனைத்தும் செத்துவிடும்.

தலைப்பு, விவரம், துணையுரை

தலைப்பில் உரையின் பெயரும் பேச்சாளரின் பெயரும் முதலில் வரட்டும். மாநாட்டின் பெயரும் ஆண்டும் கடைசியில். ‘பன்னாட்டுக் கருத்தரங்கம் – அமர்வு 3 – இரண்டாம் நாள்’ என்று தொடங்கினால் கைப்பேசித் திரையில் அதுவே தெரியும், மீதி மறைந்துவிடும். யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துகளே அனுமதி; யூனிகோடில் ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால் தமிழ்த் தலைப்பு விரைவில் நிரம்பிவிடும். எனவே பட்டங்களையும் ‘முனைவர்’, ‘பேராசிரியர்’ போன்ற அடைமொழிகளையும் விவரப்பகுதிக்கு அனுப்புங்கள். அங்கே உரைச்சுருக்கம், பேச்சாளரின் பணியிடம், நாள், இடம், ஸ்லைடுகளின் இணைப்பு, உரிமம் ஆகியவற்றோடு பேச்சாளரின் பெயர் ஆங்கில எழுத்திலும் இருக்கவேண்டும். தமிழர்களிலேயே பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். நேரக்குறிகள் இட்டால் உரை பகுதிகளாகப் பிரிந்து தெரியும்: முதல் குறி 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது 3 குறிகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது.

துணையுரை, அதாவது திரையின் கீழே எழுத்தாக வரும் பேச்சு (சப்டைட்டில்), காது கேளாதவர்களுக்கான உரிமை. பேருந்தில் ஒலியை அடக்கிப் பார்ப்பவருக்கும் அதுவே துணை. 2022இல் வெளியான விஸ்பர் போன்ற கருவிகள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகின்றன, ஆனால் ஆட்பெயர், ஊர்ப்பெயர், சங்கப்பாடல் மேற்கோள், நடுவே வரும் ஆங்கிலச் சொல் ஆகிய இடங்களில் தடுமாறும். கருவி தந்த வரைவை அத்துறை மாணவர் ஒருவர் திருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. எல்லா உரைகளுக்கும் முடியாவிட்டால் முதன்மை உரைகளுக்கு மட்டுமாவது செய்யுங்கள். திருத்திய துணையுரைக் கோப்பைத் தனியே சேமித்துவைக்கவும் வேண்டும். பிறமொழிக்கு மாற்ற விரும்புபவருக்கு அதுவே மூலம்.

எங்கே வைப்பது

யூடியூப் கடைவீதி, கிடங்கு அன்று. அங்கே ஏற்றுங்கள், ஏனெனில் மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். (புதிய கணக்கு என்றால் தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தும்வரை 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளி ஏறாது, இதை மாநாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.) ஆனால் இன்னொரு படி வேறிடத்தில் இருக்கவேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் இலவசமாக ஏற்கிறது. அங்கே ஏற்றும்போது தரும் அடையாளப் பெயரைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால் மாநாடு, ஆண்டு, உரை எண் என்ற ஒழுங்கில் முன்பே முடிவு செய்துகொள்ளவும். ஆய்வுரைகளுக்கு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோ தளம் சிறந்தது: ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைப்பதால் கட்டுரையைப் போலவே உரையையும் மேற்கோள் காட்டலாம். ஈழத்து நிகழ்வுகளை நடத்துவோர், ஈழத்து ஆவணங்களை இணையத்தில் காக்கும் ‘நூலக நிறுவனம்’ என்ற அமைப்பின் ஆவணகம் என்ற பல்லூடகத் தொகுப்பை அணுகலாம். வினாடிக்கு 6 மெகாபிட் தரத்தில் 20 நிமிட உரை சுமார் 900 மெகாபைட் பிடிக்கும். 40 உரைகள் என்றால் 36 ஜிகாபைட். ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும் அளவுதான் இது, எனவே மூன்றாவது படியைத் துறை நூலகத்திலும் வைக்கலாம்.

சேனலை ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் தொடங்கவேண்டாம். அவர் படிப்பு முடித்துப் போனதும் கடவுச்சொல்லும் போய்விடும். நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொடங்கி, யூடியூபின் அனுமதி அமைப்பின்வழி இருவருக்கு மேலாளர் பொறுப்பு தாருங்கள். அப்போது கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

எல்லாக் காணொளிகளையும் நிகழ்ச்சிநிரலின் வரிசையில் ஒரே பட்டியலாக, இரண்டு மூன்று வாரங்களுக்குள் வெளியிடுங்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சொட்டுவது சேனலுக்கு நல்லது என்பார்கள். கடைசி உரைக்காரர் ஓராண்டு காத்திருப்பதும், அதற்குள் குழு கலைந்துபோவதும்தான் அதில் நடக்கிறது.

வெளியான பிறகு நீக்கச் சொல்லி எவரேனும் எழுதினால் யார் படிப்பது என்பதற்கு ஒரு பொது மின்னஞ்சல் முகவரி விவரப்பகுதியில் இருக்கவேண்டும். கோருபவர் பேச்சாளராக இருந்தால், உரிமம் கையில் இருந்தாலும் முதலில் காணொளியை மறைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். சில நேரங்களில் ஒரு ஸ்லைடை மறைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடும். கட்டற்ற உரிமத்தில் ஏற்கெனவே வெளியானதைப் பிறர் எடுத்துவைத்திருந்தால் அதை நாம் திரும்பப் பெறமுடியாது என்பதையும் அப்போது மறைக்காமல் சொல்லவேண்டும். நிரந்தரமாக நீக்க நேர்ந்தால், நிகழ்ச்சிநிரல் பக்கத்தில் அந்த உரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் அப்படியே விட்டு, ‘பேச்சாளரின் வேண்டுகோளின்படி பதிவு நீக்கப்பட்டது’ என்ற வரியையும் நீக்கிய தேதியையும் சேர்த்துவிடுங்கள். மேற்கோளைப் பின்தொடர்ந்து வருபவர் வெற்றுப் பக்கத்தில் நிற்கவேண்டிய நிலை வராது.